நெமிசிஸ்: உயரம் 13 மீட்டர்தான், ஆனாலும் 30 வருஷமாக ஏன் இத்தனை பேச்சு?

தண்டவாளப் பித்தன்

வணக்கம் நண்பர்களே. சென்னை வொண்டர்லாவில் தஞ்சோரா ஓட ஆரம்பித்ததிலிருந்து நம் ஆட்களிடம் இன்வெர்ட்டட் கோஸ்டர் (தண்டவாளம் தலைக்கு மேலே, கால் கீழே தொங்கும் ரோலர் கோஸ்டர்) பற்றிய பேச்சு சூடு பிடித்திருக்கிறது. ரொம்ப சந்தோஷம். ஆனால் எந்தக் குழுவில் எட்டிப் பார்த்தாலும் முதல் கேள்வி "எத்தனை மீட்டர் உயரம், எத்தனை கி.மீ. வேகம்" என்பதுதான். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச ஆசை. அதற்கு நான் எடுத்துக்கொள்வது இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில், ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் ஓடும் நெமிசிஸ்.

முதலில் எண்களைச் சொல்லிவிடுகிறேன். 1994 மார்ச் 16-ல் திறந்தார்கள். ஐரோப்பாவின் முதல் இன்வெர்ட்டட் கோஸ்டர். உயரம் 13 மீ., நீளம் 716 மீ., வேகம் மணிக்கு 81 கி.மீ., நாலு முறை தலைகீழாகப் புரட்டும். காகிதத்தில் பார்த்தால் யாரும் டிக்கெட் எடுக்க மாட்டார்கள். ஆனால் உலகம் முழுக்கக் கோஸ்டர் ரசிகர்கள் இன்றைக்கும் இதை முதல் வரிசையில் வைக்கிறார்கள்.

காரணம் அந்த இடம். ஆல்டன் டவர்ஸ் என்பது ஷ்ரூஸ்பரி பிரபுக்களின் பழைய மாளிகையும் தோட்டமும் சேர்ந்த எஸ்டேட். பக்கத்திலேயே ஆல்டன் கிராமம். மரங்களின் உச்சியைத் தாண்டி எதையும் கட்டக் கூடாது என்பது அங்கே கட்டுப்பாடு. வேறு யாராக இருந்தாலும் சின்னதாக ஒன்றைக் கட்டிவிட்டுப் போயிருப்பார்கள். வடிவமைப்பாளர் ஜான் வார்ட்லி மேலே போக முடியாது என்று தெரிந்ததும் கீழே போனார். பாறையை வெடிவைத்துத் தகர்த்து, பெரிய பள்ளம் தோண்டி, அதற்குள் தண்டவாளத்தை வளைத்து நுழைத்தார்கள். அதனால்தான் 13 மீ. உயரமுள்ள ரைடில் 31 மீட்டருக்கும் மேல் இறக்கம் கிடைக்கிறது. தரை கூடவே கீழே இறங்கிவிடுகிறதே!

இதற்கு முன்னால் அமெரிக்காவின் ஆரோ நிறுவனம் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்த 'பைப்லைன்' கோஸ்டரை அங்கே கட்டலாம் என்று யோசித்தார்கள். வார்ட்லி அதன் மாதிரியில் ஏறிப் பார்த்தார், மந்தமாக இருந்தது, கைவிட்டார்கள். பிறகுதான் சிகாகோ பக்கம் சிக்ஸ் ஃபிளாக்ஸ் கிரேட் அமெரிக்காவுக்காக சுவிட்சர்லாந்தின் பொலிகர் & மாபிலார்ட் புதுசாக ஒன்று செய்துகொண்டிருக்கும் செய்தி கிடைத்தது. அதுதான் 1992 மே மாதம் திறந்த பேட்மேன் தி ரைடு, உலகின் முதல் இன்வெர்ட்டட் கோஸ்டர். அந்தத் தொழில்நுட்பத்தை எடுத்துவந்து பள்ளத்துக்குள் போட்டதுதான் நெமிசிஸ்.

என் கருத்து இதுதான்: இன்வெர்ட்டட் கோஸ்டருக்கு உயரத்தை விடத் தரை முக்கியம். கால் தொங்கும்போது, அந்தக் காலுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் ரைடு. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

ஓஎம்ஆர்வாசி

அண்ணா, அருமையான இழை. நான் தஞ்சோரா போயிட்டு வந்தவன், இன்னும் அந்த மயக்கத்துலதான் இருக்கேன். ஆனா உயரம் முக்கியமில்லைன்னு சொல்றதை ஒத்துக்க முடியல. உயரம் இல்லாம வேகம் எங்கேர்ந்து வரும்? பாறையைத் தோண்டிப் பள்ளம் போட்டாங்கன்னா அதுவும் உயரம்தானே, கணக்குல காட்டலை, அவ்ளோதான்.

ஒரு சந்தேகமும் இருக்கு. மும்பை பக்கம் இமேஜிகா பூங்காவுல நைட்ரோ கோஸ்டர் போயிருக்கேன். அதுலயும் தரை கிடையாது, கால் தொங்கும். ஆனா தஞ்சோராவுல லூப்ல போறப்ப இருந்த உணர்வு சுத்தமா வேற. காலை யாரோ வானத்துப் பக்கம் பிடிச்சு இழுக்கிற மாதிரி. ரெண்டுலயும் கால்தான் தொங்குது, அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மெக்கானிக்கல் மாணிக்கம்

தம்பி, நல்ல கேள்வி. நைட்ரோ ஃபுளோர்லெஸ் வகை. தண்டவாளம் உங்களுக்குக் கீழே இருக்கிறது. லூப்பில் போகும்போது நீங்கள் வளையத்தின் உள்பக்கம் இருக்கிறீர்கள். இன்வெர்ட்டடில் தண்டவாளம் தலைக்கு மேலே. அதே லூப்பில் இப்போது நீங்கள் வளையத்தின் வெளிப்பக்கம். கயிற்றில் கட்டிச் சுழற்றும் வாளியை நினைத்துக்கொள்ளுங்கள்: கை இருக்கும் இடத்தில் தண்டவாளம், வாளியில் நீங்கள். லூப்பின் உச்சியில் வண்டிச் சக்கரத்தை விட நீங்கள் உயரமாக இருப்பீர்கள், பாதம் வெளியே வானத்தைப் பார்த்து நிற்கும். சக்கரம் போகும் வளைவை விட உங்கள் வளைவு பெரிது. அதனால் உங்கள் வேகமும் சக்கரத்தின் வேகத்தை விடக் கொஞ்சம் கூடுதல். அந்த 'இழுக்கிற' உணர்வு அதிலிருந்து வருவதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தண்டவாளத்துக்குக் கீழே தொங்குவது 1992-ல் பிறந்த யோசனை இல்லை. 1981-லேயே ஓஹையோவின் கிங்ஸ் ஐலண்டில் ஆரோ நிறுவனம் 'தி பேட்' என்று ஒன்றைக் கட்டியது. அதில் பெட்டிகள் பக்கவாட்டில் தாராளமாக ஊஞ்சலாடும். ஆடும் பெட்டியை வைத்துக்கொண்டு லூப் போட முடியாது. வால்டர் பொலிகரும் கிளாட் மாபிலார்டும் செய்த முக்கியமான காரியம், இருக்கையை ஆடவிடாமல் வண்டிச் சட்டத்தோடு இறுக்கமாகப் பொருத்தியது. ஆடாது என்றானதும், எந்த இடத்தில் எவ்வளவு விசை உடம்பில் இறங்கும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, அதற்கேற்பத் தண்டவாளத்தை முறுக்க முடிந்தது.

நெமிசிஸின் கணக்கில் ஜெர்மனியின் வெர்னர் ஸ்டெங்கலுக்கும் பெரிய பங்கு உண்டு. லூப்பை முழு வட்டமாகப் போடாமல் கண்ணீர்த்துளி வடிவில் போட்டால் கழுத்து தப்பிக்கும் என்பதை 1976-லேயே அமெரிக்காவின் மேஜிக் மவுண்டன் பூங்காவில் செய்து காட்டியவர் அவர். ஸீரோ ஜி ரோலில் (உடம்பின் பாரமே தெரியாமல் புரளும் இடம்) பார்த்தீர்களானால், உங்கள் நெஞ்சு மட்டும் எறிந்த கல் போகும் பாதையில் போகும், தண்டவாளம் அந்தப் பாதையைச் சுற்றி முறுக்கிக்கொண்டு வரும். அதனால்தான் தலைகீழாகப் புரண்டாலும் எந்தப் பக்கமும் தள்ளாது.

உயரம் பற்றி: தம்பி சொல்வதில் பாதி சரி. வேகம் இறக்கத்திலிருந்துதான் வருகிறது, அதை யாரும் மாற்ற முடியாது. ஆனால் விசை வருவது வேகமும் வளைவும் சேர்ந்து. 80 கி.மீ. வேகத்தில் இறுக்கமான வளைவு, 110 கி.மீ. வேகத்தில் அகலமான வளைவை விடக் கடுமையாக அழுத்தும்.

வண்ணை

வணக்கம். நான் லெஸ்டரில இருக்கிறன். எங்கட வீட்டிலயிருந்து ஆல்டன் டவர்ஸ் பெரிய தூரமில்லை. நெமிசிஸ் பழசிலயும் ஏறினனான், பூட்டித் திரும்பத் திறந்தாப் பிறகு புதுசிலயும் ஏறினனான்.

பித்தன் அண்ணா சொன்ன எண்ணெல்லாம் சரி. ஆனா அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்தில நிண்டு பாத்தாத்தான் விளங்கும். ரயில் வரமுந்தியே சத்தம் வரும். பாறைச் சுவரில பட்டுத் திரும்பி வாற இரைச்சல், பக்கத்தில நிக்கிற ஆளோட கதைக்கேலாது. கீழ குட்டையளிலயும் அருவியிலயும் சிவப்புத் தண்ணி. பூமிக்கு அடியில புதைஞ்சு கிடந்த ஒரு மிருகத்தைத் தோண்டி எடுத்திட்டினம், அதை இரும்பால கட்டி வச்சிருக்கினம் எண்டதுதான் கதை. அந்தத் தண்ணி அதின்ர ரத்தமாம். ஏறாத ஆக்களும் நடைபாதையில நிண்டு பாக்கலாம், அவ்வளவு கிட்டத்தில தலைக்கு மேலால போகும்.

ஏறினா என்ன மாதிரி எண்டு சொல்றன். ஏறி இருந்து, பட்டையை இறக்கிப் பூட்டினாப் பிறகு காலுக்குக் கீழ இருக்கிற தரை இறங்கிப் போகும். மேல ஏறுறதுக்கு நேரமே எடுக்காது. ஒரு திருப்பம், வளைஞ்ச இறக்கம், உடனை முதல் கார்க்ஸ்க்ரூ, திருகாணி மாதிரிப் புரட்டுற இடம். அது முடிஞ்ச கையோட வலப்பக்கமாச் சுழண்டு கீழ இறங்கிற ஹீலிக்ஸ் வரும். என்னைக் கேட்டா முழு ரைடும் அந்த இடம்தான். கையைத் தூக்கி வச்சிருக்கேலாது, தானா மடியில விழும். கால் விரல் நுனிக்கு ரத்தம் இறங்கிறது தெரியும், சப்பாத்து இறுகின மாதிரி இருக்கும். கன்னம் கீழ இழுபடும். மூச்சை விடுறதுக்குள்ள ஸீரோ ஜி ரோல். இருந்த பாரம் முழுக்கப் போய், தொடைக்கும் இருக்கைக்கும் இடையில ஒரு மெல்லிய இடைவெளி வரும். அப்பிடி அமத்தி, அடுத்த செக்கனே விடுறது: அதை வேற ஒரு கோஸ்டரிலயும் நான் காணேல்லை.

சிங்கைச் செல்வி

எல்லாரும் நெமிசிஸை மட்டும் புகழ்கிறீர்கள், எதிர்த்தரப்புக்கு நான் வருகிறேன்.

எங்கள் ஊரில், செந்தோசா யுனிவர்சல் ஸ்டுடியோஸில், பேட்டில்ஸ்டார் கலாக்டிகா இருக்கிறது. இரட்டைத் தண்டவாளம். ஹியூமன் என்பது சாதாரணமாக உட்கார்ந்து போவது, சைலான் என்பது இன்வெர்ட்டட். வெக்கோமா தயாரிப்பு. உயரம் 40 மீட்டரைத் தாண்டும். எனக்கு சைலானில் மிகப் பிடித்ததே அந்த ஏற்றம்தான். உள்ளங்காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை, பூங்கா சின்னதாகிக்கொண்டே போகிறது, செய்வதற்கு ஒன்றுமில்லை, உட்கார்ந்து பயப்பட வேண்டியதுதான். அந்தப் பயம் இல்லாமல் கோஸ்டர் ஏது? வண்ணை சொல்வதைப் பார்த்தால் நெமிசிஸில் ஏற்றமே சில நொடிதான். பயப்பட அவகாசம் தராத ரைடை நான் பாதி ரைடு என்றுதான் சொல்வேன்.

அதோடு, 1994-ல் பிரிட்டனில் இதைப்போல வேறு எதுவும் இல்லை. சின்ன வயதில் முதலில் ஏறியது மனதில் நிற்கத்தான் செய்யும். அந்தப் பாசத்தைத் தரம் என்று எண்ணிக்கொள்கிறார்களோ என்று எனக்குத் தோன்றுகிறது.

தண்டவாளப் பித்தன்

செல்வி, ஏற்றத்தின் பயம் பற்றி நீங்கள் சொன்னது முழுக்க நியாயம். ஆனால் அந்தப் பயம் உச்சியைத் தாண்டியதும் தீர்ந்துபோகிறது. அதற்குப் பிறகு ரைடிடம் என்ன மிச்சம் இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

பாசம் என்ற வாதத்துக்கும் பதில் இருக்கிறது. அதே 1994-ல், அதே பொலிகர் & மாபிலார்ட், ஓஹையோவின் சீடர் பாயிண்டில் ராப்டரைத் திறந்தார்கள். ஈரி ஏரிக்கரை, சமதரை, 42 மீ. உயரம், ஆறு புரட்டல்கள். அருமையான ரைடு, சந்தேகமே இல்லை. 1997-ல் வர்ஜீனியாவின் புஷ் கார்டன்ஸில் ஆல்பென்கைஸ்ட் வந்தது. 59 மீ. உயரம், மணிக்கு 108 கி.மீ. முழுச் சுற்று ஓடும் இன்வெர்ட்டட்களில் அதைவிட உயரமானது இன்று வரை இல்லை. ஆனால் நடுவில் வரும் பிரேக்குக்குப் பிறகு அது தளர்ந்துவிடுகிறது என்று அங்கேயே ரசிகர்கள் குறைப்படுவார்கள். நெமிசிஸில் நடுவில் பிரேக்கே கிடையாது. முதல் இறக்கத்திலிருந்து கடைசி வளைவு வரை எந்த இடத்திலும் விடாது. பள்ளத்தின் சரிவை ஒட்டியே தண்டவாளம் போவதால், வேகம் குறைய வேண்டிய இடத்தில் தரையும் இறங்கிக் கொடுக்கிறது.

ஜெர்மனியில் ஃபான்டாசியாலாண்டின் பிளாக் மாம்பா இன்னொரு சாட்சி. 2006-ல் திறந்தது, 26 மீ. உயரம். அங்கேயும் ஊர்க்காரர்களால் உயரக் கட்டுப்பாடு, அங்கேயும் பள்ளம், பாறை, பாலத்துக்கு அடியில் நுழைதல். அதற்கு ரசிகர்கள் பிரிட்டன்காரர்கள் இல்லையே! ஆல்டன் டவர்ஸே 1998-ல் ஒப்லிவியனுக்கு மறுபடி தரையைத் தோண்டி, நேராக ஒரு குழிக்குள் ரயிலை இறக்கியது. மேலே போக முடியாத இடங்களில்தான் மூளை அதிகம் வேலை செய்திருக்கிறது.

ஓஎம்ஆர்வாசி

மாணிக்கம் அண்ணா, இப்பதான் விளங்குச்சு, ரொம்ப நன்றி. அந்த வாளி விளக்கத்தை எங்க வீட்ல எல்லாருக்கும் சொல்லிட்டேன்.

வண்ணை அக்கா, "பூட்டித் திரும்பத் திறந்தாப் பிறகு"ன்னு எழுதியிருந்தீங்களே. எதுக்கு மூடினாங்க? விபத்தா?

வண்ணை

விபத்து ஒண்டும் இல்லை தம்பி. 2022 நவம்பர் 6-ந் தேதி பூட்டினவை. தண்டவாளத்தில பெரும்பங்கையும் தாங்கு தூண்களையும் கழட்டி எடுத்திட்டு, அதே வடிவத்தில புதுசாச் செய்து பூட்டினவை. 2024 மார்ச் 16, அதாவது முதல் திறந்து சரியா 30 வருசம் முடிஞ்ச நாள், 'நெமிசிஸ் ரீபார்ன்' எண்டு திரும்பத் திறந்தவை. தண்டவாளம் இப்ப கறுப்பு, அதில சிவப்பு நரம்பு ஓடுற மாதிரி நிறம் அடிச்சிருக்கு.

உண்மையைச் சொன்னா எனக்கு மனசு ஒப்பேல்லை. பழசு கடைசி வருசங்களில கொஞ்சம் அதிரும், கறள் பிடிச்ச நிறம், தூண் எல்லாம் மழையில நனைஞ்சு வயசு போன தோற்றம். அந்தக் கதைக்கு அதுதான் பொருத்தம். புதுசு வழுக்கிக்கொண்டு போகுது. நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் ஏறி வளர்ந்த நெமிசிஸ் அது இல்லை. இரும்பு முழுக்க மாறினாப் பிறகு அதே கோஸ்டர் எண்டு எப்பிடிச் சொல்றது?

மெக்கானிக்கல் மாணிக்கம்

தங்கச்சி, இதில் உங்களோடு நான் உறுதியாக முரண்படுகிறேன். ரோலர் கோஸ்டர் என்பது இரும்பில் இல்லை, வளைவில் இருக்கிறது. நீங்கள் சொன்ன அந்த ஹீலிக்ஸில் கை மடியில் விழுவது, எந்தப் புள்ளியில் எத்தனை டிகிரி சாய்வு, எத்தனை மீட்டர் ஆரம் என்ற கணக்கினால். அந்தக் கணக்கு மாறவில்லை. பள்ளம் மாறவில்லை.

மாற்றாமல் விட்டிருந்தால் என்ன ஆகும் என்றும் பார்க்க வேண்டும். ரயில் ஒவ்வொரு முறை போகும்போதும் தண்டவாளம் கொஞ்சம் வளைந்து நிமிர்கிறது. வெல்டிங் ஓரங்களில்தான் அந்த அழுத்தம் குவியும். வருஷக்கணக்கில் இப்படி நடந்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், அது மெல்ல வளரும். உலோகச் சோர்வு என்பது இதுதான். பூங்கா குளிர்காலத்தில் மூடியிருக்கும்போது ரயில்களை அக்கக்காகக் கழற்றி, காந்தத் துகள், சாயம், அல்ட்ராசவுண்ட் என்று ஒவ்வொன்றாகச் சோதிப்பார்கள். இந்தப் பராமரிப்பை எத்தனை ஒழுங்காகச் செய்தாலும், எந்த எஃகுக்கும் ஒரு ஆயுள் உண்டு. அந்த நிலையில் பூங்காவுக்கு முன்னால் இரண்டு வழி: இடித்துவிட்டு அதே பள்ளத்தில் வேறு ஒன்றைக் கட்டுவது, அல்லது அதே வளைவை மறுபடி கட்டுவது. மார்க்கெட்டிங்காரர்களுக்கு முதல் வழிதான் சுலபம். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதே அந்த வடிவமைப்புக்குக் கிடைத்த மரியாதை. நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

சிங்கைச் செல்வி

இங்கே நான் வண்ணை பக்கம். அதிர்வும் ரைடின் ஒரு பகுதிதான். ஆனாலும் இடிக்காமல் விட்டார்களே, அதில் மாணிக்கம் ஐயா சொல்வதை மறுக்க முடியவில்லை.

கயல் அம்மா

உங்கள் பேச்சுக்கு நடுவில் ஒரு கேள்வி, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தக் கோடையில் பர்மிங்காமில் இருக்கும் என் தம்பி வீட்டுக்குப் போகிறோம். பையன் ஏழாவது படிக்கிறான், இந்த இழையைப் படித்துவிட்டு நெமிசிஸ் போயே ஆகணும் என்று நிற்கிறான். பாதுகாப்பானதா? எனக்குக் கழுத்து வலி உண்டு, நானும் ஏறலாமா?

வண்ணை

அக்கா, உயரம் 1.4 மீட்டர் இருந்தால்தான் விடுவினம். வாசலில அளந்து பாப்பினம், ஒரு சென்டிமீட்டர் குறைஞ்சாலும் கெஞ்சிப் பிரயோசனமில்லை. வீட்டிலேயே சப்பாத்து இல்லாமல் அளந்து பாத்திட்டுக் கூட்டிக்கொண்டு வாங்கோ, இல்லாட்டிப் பிள்ளை வாசலில நிண்டு அழும்.

உங்களுக்கு: கழுத்து, முதுகு வருத்தம் உள்ள ஆக்கள் ஏறக்கூடாது எண்டு அங்கயே எழுதிப் போட்டிருக்கு. தயவுசெய்து ஏறாதேங்கோ. நடைபாதையில நிண்டே நல்லாப் பாக்கலாம்.

மகனுக்குச் சொல்லுங்கோ, தலையைப் பின்னால சாய்ச்சு வச்சிருக்கவேணும். குனிஞ்சு காலைப் பாக்க ஆசை வரும், ஹீலிக்ஸில மட்டும் குனியக்கூடாது, பிறகு நிமித்தேலாது. இறுக்கிக் கட்டுற சப்பாத்துப் போட்டு வரட்டும். பாட்டா செருப்போட வந்தா செருப்பு பள்ளத்துக்குள்ளதான்.

மெக்கானிக்கல் மாணிக்கம்

அம்மா, ஒரு விஷயம் மகனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். இன்வெர்ட்டட் கோஸ்டரில் ஆபத்து இருக்கையில் இருப்பவருக்கு மிகக் குறைவு. தண்டவாளத்துக்கு அடியில் நிற்பவருக்குத்தான் அதிகம். தொங்கும் கால்கள் 80 கி.மீ. வேகத்தில் வருகின்றன. 2008-ல் ஜார்ஜியாவின் சிக்ஸ் ஃபிளாக்ஸ் பூங்காவில், பேட்மேன் ரைடின் இரண்டு வேலிகளைத் தாண்டி உள்ளே போன 17 வயதுப் பையன் ஒருவன் ரயில் மோதி இறந்துபோனான். தொப்பி விழட்டும், போன் விழட்டும், வேலிக்கு உள்ளே போகவே கூடாது. ஊழியரிடம் சொன்னால் ரைடு நின்ற பிறகு எடுத்துத் தருவார்கள். நம் ஊரிலும் இந்த வகை வந்துவிட்டதால் எல்லாருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

கயல் அம்மா

மிக்க நன்றி. அளந்து பார்த்தேன், 1.43 இருக்கிறான். தம்பியோடு ஏற்றிவிட்டு நான் கீழே நின்றுகொள்கிறேன். எந்த வரிசையில் உட்கார வேண்டும் என்று கேட்கச் சொல்கிறான்.

ஓஎம்ஆர்வாசி

நான் சொல்றேன், முதல் வரிசை! முன்னாடி ஒண்ணுமே இருக்காது, உங்க கால் மட்டும்தான்.

சிங்கைச் செல்வி

கடைசி வரிசை. உச்சியைத் தாண்டும்போது முன்னால் போன பெட்டிகள் எல்லாம் சேர்ந்து இழுக்கும். ரயில் எதுவாக இருந்தாலும் பின்னால்தான் விசை.

தண்டவாளப் பித்தன்

ரெண்டு பேர் சொல்வதும் சரி, ஆனால் முதல் தடவை ஏறும் பையனுக்கு நான் நடு வரிசைதான் சொல்வேன். ஒரு வரிசைக்கு நாலு இருக்கை. நடு இரண்டில் ஒன்றில் அவன், ஓரத்தில் மாமா. ஓர இருக்கையில் முறுக்கும் வீசலும் அதிகம், பழகிய பிறகு அதற்கு வரலாம்.

இரண்டாவது தடவைக்கு, முதல் வரிசைக்குத் தனியாக இருக்கும் வரிசையில் நின்று, ஓர இருக்கை கேட்கட்டும். கூட்டம் இருந்தால் காத்திருக்க வேண்டிவரும், காத்திருக்கலாம். லூப்பை முடித்துவிட்டுக் கடைசி கார்க்ஸ்க்ரூவுக்குத் திரும்பும் இடத்தில் பாறை எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்று அங்கிருந்துதான் முழுசாகத் தெரியும். காலை மடக்கிக்கொள்ளத் தோன்றும். தேவையே இல்லை, கால் நீளத்துக்கும் சேர்த்துத்தான் அந்தப் பாறையை வெட்டியிருக்கிறார்கள். போய்வந்ததும் மகனையே இங்கே எழுதச் சொல்லுங்கள்.